பிரெடிக்கேட்: ‘பயனிலை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணிதத் தருக்கத்தில், ஒன்றைப் பற்றி என்ன சொல்கிறோமோ அந்தப் பகுதியைக் குறிக்கும் ‘பிரெடிக்கேட்’ (predicate) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘பயனிலை’யே போதுமே, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேடுகிறோம் என்று ஐயா கேட்டிருந்தார். இலக்கணத்துக்குச் சரி. கணிதத் தருக்கத்துக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

தொல்காப்பியம் எழுவாய் கொள்ளும் பயனிலையை ஆறு வகையாகச் சொல்கிறது. அதில் வியங்கோளும் உண்டு, வினாவும் உண்டு. ‘அவன் யார்?’ என்பதில் ‘யார்’ முறையான பயனிலைதான். ஆனால் அதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல முடியுமா? தருக்கத்தில் பிரெடிக்கேட்டுக்கு அதுதானே வேலை!

போதாததற்கு, எழுவாய்–பயனிலை என்ற பிரிப்பையே ஜெர்மானியத் தருக்கவியலாளர் பிரேகே 1879இல் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் கணிதத்தின் சார்பை (function) கொண்டுவந்தார். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் பாதையின் நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘பிடோக், தானா மேராவுக்கும் கெம்பாங்கானுக்கும் நடுவில் இருக்கிறது.’ மூன்று பெயர்களையும் உருவிவிட்டால் மூன்று காலியிடங்களோடு மிஞ்சுவதுதான் பிரெடிக்கேட். பிடோக் இருந்த இடத்தில் யூனோஸைப் போட்டால் பொய்யாகிவிடும். இதில் எது எழுவாய் என்ற கேள்விக்கே இடமில்லை. இங்கே பிள்ளைகள் தருக்கத்தை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். பயனிலை அவர்களுக்குத் தமிழ் வகுப்புச் சொல். இரண்டையும் ஒன்றாக்கினால் குழப்பம்தான்.

இனி வேர். லத்தீன் ‘பிரேடிக்காரே’ என்றால் ஊரறியச் சொல்லுதல். சமயப் பிரசங்கம் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பிரீச்’சும் பிரெஞ்சு வழியாக இதிலிருந்து வந்ததுதான். அரிஸ்டாட்டில் கையாண்ட கிரேக்க வினை இன்னும் காரமானது: ‘கடேகொரெயின்’, வழக்குமன்றத்தில் ஒருவர்மீது குற்றம் சாட்டுவது. அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களை 6ஆம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் போயத்தியஸ் லத்தீனாக்கியபோது இந்த லத்தீன் வினைதான் அதற்கு நேராக நின்றது. குற்றம் கழன்றுவிட்டது, ஒன்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வது மட்டும் தங்கியது.

ஊரறியச் சொல்ல நம்மிடம் ‘சாற்று’ இருக்கிறது, பறை சாற்றுகிறோமே. ஆகவே ‘சாற்றுரை’ என்று முன்மொழிகிறேன். ‘பிரெடிக்கேட் லாஜிக்’கைச் ‘சாற்றுத் தருக்கம்’ என்று சுருக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு நினைவுக்கு வரும்! காலியிடங்களின் எண்ணிக்கைப்படி ஓரிடச் சாற்றுரை, ஈரிடச் சாற்றுரை, மூவிடச் சாற்றுரை என்று தடையில்லாமல் நீள்கிறது. இடமெல்லாம் நிரம்பினால் கூற்று. அப்புறம், ‘7 என்ற எண்ணைப் பற்றிப் பகாத்தன்மையைச் சாற்றுகிறோம்’ என்று வினையாகவும் எழுதலாம். பயனிலையிலிருந்து அப்படி ஒரு வினை கிடைக்காது.

மாற்றுச் சொல் இருந்தால், அதையும் ஈரிடம், மூவிடத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.