சானல் மடை, ஷட்டர் எல்லாவற்றையும் மேப்பில் ஏற்றுவது எப்படி? உயரம் ஏன் மைனஸில் வருகிறது?

சானல்கரைவாசி:
வணக்கம். குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் எங்கள் ஊர் வழியாகப் போகும் கிளைச் சானல், சுமார் 9 கிலோமீட்டர். பாசன சங்கத்தில் என்னை "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள். மடை (வயலுக்குத் தண்ணீர் பிரியும் வாய்), ஷட்டர் (அதை அடைக்கும் கதவு), சப்பாத்து (தரைப்பாலம்), சிறுபாலம், பக்கச்சுவர் எல்லாம் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு மேப்பும் ஒரு பதிவேடும் வேண்டுமாம். வருடா வருடம் கரை உடைத்த பிறகுதான் "அந்த இடம் போன வருடமே ஒழுகிக்கொண்டுதானே இருந்தது" என்று டீக்கடையில் யாராவது சொல்கிறார்கள், அதற்கு முன்னால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்தில் பணம் பிரித்து ஒரு தனியார் கம்பெனியை வைத்து ட்ரோன் சர்வே எடுத்தார்கள். பெரிய படம் ஒன்று பிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் தொங்குகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி சானல் தென்னை மட்டைக்கு அடியில், மடை ஒன்றுகூடத் தெரியவில்லை. கூடவே கொடுத்த எக்ஸெல் ஷீட்டில் சானல் தொடக்கத்தில் உயரம் மைனஸ் 58 மீட்டர், கடைசியில் மைனஸ் 64. கடல் மட்டத்துக்குக் கீழேயா நாங்கள் நெல் நடுகிறோம்? கேட்டால் "அது சாட்டிலைட் ஹைட் சார்" என்கிறார்கள், அதற்கு மேல் பதில் இல்லை.

கையில் இருப்பது மூன்று ஆண்ட்ராய்டு போன், ஒரு பழைய லேப்டாப், கல்யாண வீடியோ எடுக்கும் மச்சானின் குட்டி ட்ரோன். இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

மேப்புக்காரன்:
முதலில் மைனஸ் கதை. அந்தக் கம்பெனி தப்பான எண்ணைக் கொடுக்கவில்லை, மாற்ற வேண்டியதை மாற்றாமல் கொடுத்திருக்கிறது. ஜிபிஎஸ் உயரம் கணக்குப் பார்ப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்காகக் கணிதத்தில் வைத்திருக்கும் ஒரு வழுவழுப்பான நீள்வட்டக் கோளத்திலிருந்து. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்றபடி அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே பெரிய பள்ளம் நம் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், 100 மீட்டருக்கும் மேல் ஆழம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் மாவட்டம் உட்கார்ந்திருக்கிறது. கன்னியாகுமரி கடற்கரையில் கால் நனைய நின்று, திருத்தாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தாலும் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம்தான் காட்டும். இந்த மேடு பள்ளத்தின் கணக்கு ஜியாய்டு மாடல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கழித்தால் உங்கள் மைனஸ் 58 என்பது கடல் மட்டத்துக்கு மேலே 35, 40 மீட்டர் வாக்கில் வரும்.

ஆனால் அந்த எண்ணை வைத்து சானலின் வாட்டம் (சரிவு) பார்க்காதீர்கள். 5000க்கு 1 வாட்டம் என்றால் கிலோமீட்டருக்கு வெறும் 20 சென்டிமீட்டர். ட்ரோன் உயரத்தில் வரும் பிழையே சில சமயம் அதைவிட அதிகம். வாட்டம் வேண்டுமானால் ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃபும் (அளவுக்கோல்) எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மேப்புக்கு லேப்டாப்பில் கியூஜிஐஎஸ், போனில் கியூஃபீல்டு என்ற மேப் மென்பொருள்கள், இரண்டும் இலவசம். யுடிஎம் மண்டலம் (உலகைத் தீர்க்கரேகை வாரியாகப் பிரித்த மேப் பட்டை) 43 வடக்கு என்று வையுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் சென்னைப் பக்கம் ஆட்கள் தரும் டெம்ப்ளேட்டில் 44 இருக்கும். 78 டிகிரி தீர்க்கரேகை எல்லை, திருச்செந்தூர் அந்தப் பக்கம் போய்விடும், குமரி மாவட்டம் முழுக்க இந்தப் பக்கம். நான் ஒரு தடவை 43இல் எடுத்த புள்ளிகளை 44 என்று பெயர் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊர்க் குளம் இலங்கையைத் தாண்டி நடுக்கடலில் போய் விழுந்தது. இன்னும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறார்கள்.

ஓவர்சியர்_ரிட்டயர்டு:
தம்பி, ஆப், மண்டலம் எல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு மடைக்கும் ஒரு எண் உண்டா? கரையில் பெயின்டால் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் நீ எந்த மேப் போட்டாலும் அடுத்த வருடம் வருகிறவன் வேறு மடையைப் பார்த்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவான்.

தலைமதகில் (சானல் தொடங்கும் இடம்) பூஜ்யம் என்று வைத்து டேப் பிடித்து வா. 2340 மீட்டரில் இடது கரையில் மடை என்றால் "2340 இ". தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கை பக்கம் இடது கரை, இதைப் போகிற பையன்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடு, பாதிப் பேர் திரும்பி நின்று எழுதுவார்கள். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 4, 5 மீட்டர் தள்ளும் என்கிறார்கள், தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். உன் சானல் அகலமே அவ்வளவுதான் இருக்கும். புள்ளி எதிர்க்கரையில் போய் விழுந்தால் எண்தான் காப்பாற்றும்.

லஸ்கரை (சானலில் தண்ணீர் திறந்து அடைக்கும் ஊழியர்) கூட்டிக்கொண்டு போ. எந்த ஷட்டர் எத்தனை சுற்றில் இறுகும், எங்கே ராத்திரியில் மடையைத் திறந்துவிடுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அதை எந்தச் சாட்டிலைட்டும் சொல்லாது.

பார்க்கும் காலமும் முக்கியம். பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்தபின் ஒரு தடவை, கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்) ஜூனில் தண்ணீர் விட்டபின் ஒரு தடவை. காய்ந்த சானலில் அடித்தளமும் சுவர் அரிப்பும் தெரியும், கசிவு தெரியாது. கசிவைப் பார்க்க தண்ணீர் நிறைந்து ஓடும்போது கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடக்க வேண்டும், மேலே சானல்கரை ரோட்டில் பைக்கில் போய்விட்டு "பார்த்தாச்சு" என்று எழுதக் கூடாது. நண்டு வளை, எலி வளை வழியாகச் சொட்டும் தண்ணீர் தெளிவாக இருந்தால் குறித்துக்கொண்டு கவனி. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆளைக் கூப்பிடு.

ஆரல்காற்று:
சார் சொல்வது சரி, ஆனால் ட்ரோனை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். நான் முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கைகளை ட்ரோனில் படம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு இறக்கையையும் நாலு பக்கமும் சில மீட்டர் தூரத்தில் நின்று எடுப்போம். முன்விளிம்பு அரிப்பு, மின்னல் பட்ட கருகல் எல்லாம் அதில் தெரியும். முன்னெல்லாம் இதற்குக் கயிற்றில் ஆள் தொங்க வேண்டும்.

விஷயம் தூரம்தான். குட்டி ட்ரோன் 30 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தில் ஒரு புள்ளி தரையில் சுமார் 1 சென்டிமீட்டர். 3 மீட்டருக்குக் கிட்டே வந்தால் சுமார் 1 மில்லிமீட்டர். கான்கிரீட்டில் சாதாரணச் சூழலுக்கு 0.3 மில்லிமீட்டர் வரை விரிசல் பரவாயில்லை என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. அப்படியானால் கவலைப்பட வேண்டிய விரிசல் பாதியும் அந்தப் படத்தில் சிக்காது. மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டி "விரிசல் இல்லை" என்று யாராவது சான்றிதழ் கொடுத்தால் நம்பாதீர்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி 115 அடி உயரத் தூண் என்றால் ட்ரோனுக்கு வேலை உண்டு, ஏணி வைத்து ஏற முடியாது. அங்கேகூட ட்ரோன் சந்தேகமான இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே கான்கிரீட் பொள்ளலாகவோ வலுவிழந்தோ இருக்கிறதா என்பதற்குக் கிட்டே போய்ச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்கணும், ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் (ஒலி அலை) கருவி வைத்துப் பார்க்கணும். உங்கள் சானலில் எல்லாமே கை எட்டும் உயரம், அதனால் ட்ரோனை உடைப்பு எடுத்த அன்றைக்கு வெள்ளம் எதுவரை பரவியது என்று எடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்: ட்ரோன் விதிகள் 2021. 250 கிராமிலிருந்து 2 கிலோ வரை மைக்ரோ, சொந்த உபயோகத்துக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை, கூலிக்குப் பறத்தினால் வேண்டும். மச்சான் கல்யாணத்துக்குக் காசு வாங்குகிறார் என்றால் எடையைப் பாருங்கள். பறத்தும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை மேப்பில் இடம் பச்சையா என்று பார்க்கணும், பச்சை என்றால் 400 அடி வரை போகலாம். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

கடைவரம்பு:
நான் கடைவரம்புக்காரன் (சானலின் கடைசி முனை வயல்காரன்), அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். எங்கள் பக்கமும் மேப் போட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது மேப் இல்லாமலேயே தெரியும். மடை இருக்கிறது என்று மட்டும் குறித்து என்ன பிரயோஜனம்? என்றைக்குப் பார்த்தது, அன்றைக்கு எப்படி இருந்தது, சொன்ன பிறகு சரிசெய்தார்களா, இதெல்லாம் அதே இடத்தில் ஏற வேண்டும். இல்லையென்றால் இன்னொரு பிரேம் படம்தான்.

மேப்புக்காரன்:
@கடைவரம்பு அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இரண்டு அட்டவணை வேண்டும். ஒன்றில் மடை: எண், வகை, கரை, இடம். இது மாறாது. இன்னொன்றில் பார்வை: மடை எண், தேதி, பார்த்தவர், நிலை, படம். ஒவ்வொரு தடவையும் புது வரி சேரும், பழைய வரியை அழிக்கக் கூடாது. கியூஜிஐஎஸ்ஸில் இரண்டையும் மடை எண்ணால் இணைத்துவிடலாம், போனில் மடையைத் தொட்டால் அதன் முழு ஜாதகமும் வரும். ஒரே அட்டவணையில் "நிலை" என்று ஒரு கட்டம் வைத்தால் புதிதாக எழுதும்போது பழையது போய்விடும், அப்புறம் மூன்று வருடமாக ஒழுகுகிறது என்று யாரிடம் நிரூபிப்பது?

நிலைக்கு 1 முதல் 5 வரை மார்க் போடச் சொன்னால் எல்லோரும் 3 போடுவார்கள். அதற்குப் பதில் கேள்வியாக வையுங்கள். ஷட்டர் முழுக்க இறங்குகிறதா? ஆமாம், இல்லை. கைப்பிடி இருக்கிறதா? வெளிப்பக்கம் ஈரமா? படம் எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுக்கணும், விரிசல் என்றால் இரண்டு முனையிலும் பெயின்டில் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.

சானல்கரைவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. போன சனி, ஞாயிறு லஸ்கர் மாமாவோடு டேப் பிடித்து 3 கிலோமீட்டர் நடந்தோம். 41 இடம் குறித்தோம். சுவரில் தொங்கும் படத்தோடு ஒப்பிட்டால் அதில் 6தான் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு ஷட்டருக்குக் கைப்பிடியே இல்லை, ஒரு வீட்டுத் திண்ணையில் ஒன்று கிடந்தது, கேட்டால் "பத்திரமாக எடுத்து வைத்தேன்" என்கிறார்கள்.

ஓவர்சியர் சார், ஒரு சந்தேகம். 1870 மீட்டரில் வலது கரையைத் துளைத்து யாரோ பிவிசி குழாய் சொருகியிருக்கிறார்கள், மடை கிடையாது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்கும் எண் போடவா?

ஓவர்சியர்_ரிட்டயர்டு:
போடு தம்பி. ஆனால் மடை வரிசையில் போடாதே, நாளைக்கு "எனக்கு எண்ணே கொடுத்திருக்கிறார்கள்" என்று அதையே ஆதாரமாகக் கொண்டுவந்து நிற்பான். "து 1870 வ" என்று துளைக்குத் தனி வரிசை வை. யாருடையது என்று எழுத வேண்டாம், குழாய் விட்டம் எத்தனை அங்குலம் என்று மட்டும் எழுது. படத்தில் கரையும் குழாயும் சேர்ந்து விழட்டும்.