புதுப்பிப்பு: தம்பியின் தொடை வீக்கம்

மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: ஆலங்குளம் பக்கம் கபடி ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் இடித்து தம்பியின் தொடை கல் மாதிரி வீங்கிவிட்டது, எண்ணெய் போட்டு உருவலாமா என்று. வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி.

மறுநாள் காலையே பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம். தசைக்குள்ளேயே ரத்தம் கட்டியிருந்தது. தோல் கன்றவே இல்லை என்பதால் சின்ன அடி என்று நினைத்தது எங்கள் தப்பு. தசைகளுக்கு நடுவே கசிந்திருந்தால் ஓரிரு நாளில் முழங்கால் பக்கம் நீலமாக இறங்கியிருக்கும், சீக்கிரமும் ஆறும். தசையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அடைபட்ட ரத்தத்துக்கு வெளியே வர வழியில்லை.

டாக்டர் முதலில் பார்த்தது பாதம் மரத்திருக்கிறதா, முழங்காலை மடக்கினால் வலி உயிர் போகிறதா என்றுதான். அப்படி இருந்தால் உடனே அறுவை சிகிச்சை வரை போகுமாம். நல்லவேளை, இல்லை. முழங்காலை மடக்கின வாக்கில் ஒரு நாள் முழுக்கக் கட்டு, மேலே ஐஸ். உருவலும் சூட்டு ஒத்தடமும் கூடவே கூடாது: மறுபடி ரத்தம் கசியும், தசைக்குள் எலும்பு முளைக்கிற ஆபத்தும் கூடும்.

இப்போது முழங்கால் 110 பாகை வரை மடங்குகிறது. எலும்பு பார்க்க அடுத்த வாரம் எக்ஸ்ரே. அது வரை களம் கிடையாது என்றதில் தம்பிக்குக் கோபம். ஆச்சி இன்னும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டிலடியிலிருந்து எடுக்கவில்லை.