'அலவ்' பாடத்துக்கு உதவி வேண்டும்

வணக்கம் டீச்சர்மார், சேர்மார்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது 'அலவ்' (allow) என்ற சொல் நடக்கிறது. அனுமதி என்றதும் விளங்கிக்கொள்கிறார்கள், வசனத்தில் போடும்போதுதான் திணறுகிறார்கள். 'லெட் மீ கோ' என்பதில் 'டு' வராது, 'அலவ் மீ டு கோ' என்பதில் கட்டாயம் வரும். ஆளைச் சொல்லாவிட்டால் 'தே டோன்ட் அலவ் ஃபிஷிங் ஹியர்'. செயப்பாட்டு வினையில் 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' சரி. அந்த இடத்தில் 'லெட்' போட முடியாது. சரி, இதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

அனுமதியே இல்லாத பொருள்தான் கஷ்டம். கொழும்புக்குப் போகும்போது தாமதத்துக்கென்று ஒரு மணித்தியாலம் கூட்டி வைப்பதும் 'அலவ்' தான்: 'அலவ் அன் அவர் ஃபார் டிலேஸ்'. புத்தக உதாரணங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவே இல்லை. வயல், வாவி, கல்யாண வீட்டுச் சமையல் என்று நம்மட ஊரோடு சேர்ந்த வசனங்கள் எழுதித் தருவீர்களா? நல்ல உச்சரிப்பு உள்ளவர்கள் வாய்ஸிலும் போடுங்கள். பலர் 'அலோ' என்றே வாசிக்கிறார்கள், அதைத் திருத்தவும் உதவும்.