கலைச்சொல்: 'கில்ட்' – சட்டத்தின் முன்னும் அறத்தின் முன்னும்

வணக்கம்.

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் 'கில்ட்' (guilt) வந்தால் 'குற்றம்' என்று எழுதிவிடுகிறோம். குற்றம் செயல், கில்ட் செயலுக்குப் பின் ஆள்மேல் நிற்கும் நிலை. 'குற்ற உணர்வு' அதுவும் இல்லை, ஒன்றும் செய்யாதவரையும் அது அரிக்கும். நீதிமன்றம் உறுதிசெய்யும் நிலைக்குத் 'தீர்குற்றம்', அறத்தின் முன் நிற்கும் நிலைக்கு 'அறக்குற்றம்' எனலாமா? நம் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில், மனநிலை பிறழ்ந்தவரின் செயலைப் பற்றிய 84ஆம் பிரிவும் (2020 திருத்தத்துக்குப் பின்) நேர்மையான சாதாரண மக்கள் பார்வையில் தவறு, சட்டத்துக்கு மாறான தவறு என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது.

———

> தீர்குற்றம்

ஐயா, சொல் அழகுதான். ஆனால் வினைத்தொகை ஆயிற்றே! தீர்ந்த, தீர்கின்ற, தீரும் என முக்காலமும் அதற்குள் அடங்கும்; விசாரணைக்கு முன்பே ஆள் தலையில் ஏறிவிடும். இந்த நிலையோ தீர்ப்பு நாளில்தான் பிறக்கிறது, மேல்முறையீட்டில் வென்றால் மறைகிறது. போதாததற்கு, 'பாவம் தீர்ந்தது' என்று பேசிப் பழகிய காதுக்குத் தீர்குற்றம் என்றால் கழிந்த குற்றம்.

'குற்றப்பாடு' என்று வைத்துப் பாருங்கள். கடப்பாடு போல, ஒருவர் உட்பட்டிருக்கும் நிலை.

சொல்லைவிட வினையில்தான் வழுக்குகிறோம். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று நாளிதழ் எழுதுவது ஒரு சட்ட நடைமுறையை. அந்த ஒப்புதலின் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிகிறதா, நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் "தப்புதாங்க, ஆனா வேணும்னு செய்யல" என்கிறார் என்று வையுங்கள். முன்பாதி மனசாட்சி பேசுவது. பின்பாதி, எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றங்களில், மறுப்பு. மொழிபெயர்ப்பாளர் முதல் சொல்லோடு நிறுத்தினால், இல்லாத ஒப்புதல் பதிவாகிவிடும்.

2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள தண்டனைக் குறைப்பு வழிகாட்டியைப் பாருங்கள். தொடக்கக் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் 30 விழுக்காடு வரை குறையலாம், விசாரணை தொடங்கியபின் 5 விழுக்காடு வரைதான். கட்டங்களைப் பிரிப்பது நாள்கணக்கு, கண்ணீர் அல்ல.

———

இருவருக்கும் வணக்கம். குற்றப்பாடு சரி. அறக்குற்றம் வேண்டாம், தண்டனைச் சட்டத்தில் இன்னொரு பிரிவு போல ஒலிக்கிறது. (குறளின் குற்றங்கடிதலில் குற்றம் என்பது செருக்கும் சினமும் கஞ்சத்தனமும்தான். அந்தப் பொருளை இன்று திருப்பிப் பிடிக்க முடியாது.) 'பாவம்' சமயச் சொல், பேச்சிலோ இரக்கச் சொல். 'மனக்குற்றம்' குற்ற எண்ணத்தோடு குழம்பும்.

'அறப்பழி' என்பேன். பழி பிறர் சுமத்துவதல்லவா, வீண்பழியும் உண்டே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் முன்னே 'அறம்'. வீணான அறப்பழி என்று ஒன்று இருக்க வழியில்லை.

சோதனைக்கு, நம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமான இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே குழு 1837இல் எழுதிய வரைவுக் குறிப்பு. ஒரு வாய்ச் சோறு கொடுக்க மறுத்து உயிர் போகவிடும் செல்வன், அதைப் பறித்துத் தின்னும் பட்டினிக்காரனைவிடக் கெட்டவனாக இருக்கலாம். ஆனாலும் தண்டனை திருடியவனுக்கே. செல்வனுக்கு அறப்பழி உண்டு, குற்றப்பாடு இல்லை. பட்டினிக்காரனுக்குக் குற்றப்பாடு உண்டு. அறப்பழி உண்டா என்று வாதாடலாம். 'அறக்குற்றம்' போட்டு இதே வாக்கியங்களை எழுதிப் பாருங்கள், இருவருமே குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள்.

84ஆம் பிரிவில் இந்தச் சொற்களை நுழைக்க வேண்டாம். அங்கே ஆங்கிலத்தில் இருப்பது 'ராங்' (wrong). 'தவறு' என்றே நிற்கட்டும்.