மறு: குரோவேஷிய வினை இணைகளுக்குத் தமிழ்ப் பெயர்

வணக்கம்.

முதல் மடலில் நான் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது. மூன்று பேர் மூன்று சொல் தந்திருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வேறு பொருளுக்கு. தப்பு என்மேல்தான். மறுபடி சொல்கிறேன்.

ஆங்கிலம் அறிந்தவர்கள் குரோவேஷியம் கற்பதற்கான அடிப்படை இலக்கணக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேற்றுமைப் பகுதி தடையில்லாமல் ஓடியது. ஏழு வேற்றுமை என்றதும் ஆங்கிலக்காரர்கள் மலைத்துப்போவார்கள் என்று பக்கம் பக்கமாகத் தைரியம் சொல்லியிருக்கிறது. நம்மிடம் எட்டு இருக்கிறது. இவானைக் கூப்பிட்டால் 'இவானே!', விளிவேற்றுமை, அவ்வளவுதான். பென்சிலால் என்பதற்கு வெறும் உருபு போதும், 'ஓலொவ்க்கொம்'. நண்பனோடு என்றால் அதே வேற்றுமைதான், முன்னால் ஒரு 'ஸ்' மட்டும் சேரும். ஆலும் ஓடும் மூன்றாம் வேற்றுமைக்குள் ஒன்றாகக் குடியிருப்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகிய சங்கதி.

வண்டி நின்றது வினையில்.

குரோவேஷியத்தில் 'எழுது' என்பதற்கு ஒரு வினை இல்லை, இரண்டு: பிஸாத்தி, நப்பிஸாத்தி. 'வாங்கு' என்றால் குப்பொவாத்தி, கூப்பித்தி. 'சொல்' என்றால் கொவொரித்தி, ரெச்சி. இதில் முகஜாடைகூட ஒன்றாக இல்லை. இப்படிப் பெரும்பாலான வினைகள் இணை இணையாக வரும். இரண்டு வாக்கியம் பாருங்கள்.

பிஸாஓ ஸாம் பிஸ்மொ த்வா ஸாத்தா: இரண்டு மணி நேரம் கடிதம் எழுதினேன்.
நப்பிஸாஓ ஸாம் பிஸ்மொ ஃஸா த்வா ஸாத்தா: இரண்டு மணி நேரத்தில் கடிதத்தை எழுதி முடித்தேன்.

'நேரம்' எங்கே, 'நேரத்தில்' எங்கே! நாம் ஓர் உருபிலும் துணைவினையிலும் காட்டுவதை அவர்கள் வினையை வைத்தே காட்டுகிறார்கள். இரண்டாம் வகை வினையை 'இப்போது செய்துகொண்டிருக்கிறேன்' என்பதற்குப் போடவே முடியாது. என்ன செய்கிறாய் என்று கேட்டால் 'பிஷெம்' என்றுதான் பதில். 'நப்பிஷெம்' என்றால் சிரிப்பார்கள். 'தொடங்கு' என்ற வினைக்குப் பின்னாலும் முதல் வகை மட்டுமே வரும். இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வீத்', அதாவது பார்வை. வகைகளின் பெயர் 'ஸ்வர்ஷெனி' (முடிந்தது), 'நெஸ்வர்ஷெனி' (முடியாதது).

இனி உங்கள் பரிந்துரைகள்.

> முற்றுவினை, முற்றாவினை என்று வைத்துவிட்டால் போயிற்று.

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே 'முற்றுவினையின் எச்ச வடிவம்' என்று எழுத நேர்ந்தது. தமிழ் வாத்தியார் யாராவது பார்த்தால் காதைத் திருகுவார். முற்றும் எச்சமும் நம்மிடம் வேறு வேலைக்கு எப்போதோ அமர்ந்துவிட்ட சொற்கள். எழுப்பி வேறு நாற்காலியில் உட்காரவைக்க முடியாது.

> நடந்துகொண்டிருப்பதைக் காட்டுவதால் தொடர்வினை?

தினமும் ரொட்டி வாங்குகிறேன் என்பதற்கும் குப்பொவாத்திதான் வரும். அங்கே எதுவும் தொடரவில்லை. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன், மறுநாள் மறுபடி. 'குறைவினை'யும் இதே காரணத்தால் அடிபடுகிறது. 'அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறாயா?' என்று முதல் வகை வினையால் கேட்கலாம். கேட்கப்பட்டவர் கடைசிப் பக்கம்வரை படித்தவராகவே இருக்கலாம். நெஸ்வர்ஷெனி என்றால் செயல் முடியவில்லை என்று பொருளல்ல, முடிவைப் பற்றிப் பேச்சில்லை என்று பொருள். அவர்கள் வைத்த பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது.

> முழுநோக்கு வினை, உள்நோக்கு வினை. பார்வை என்ற மூலமும் கெடாது.

கருத்தளவில் இதுதான் சரி. ஒன்று செயலை வெளியே நின்று முழுதாகப் பார்க்கிறது, மற்றது உள்ளே நின்று. ஆனால் 'உள்நோக்கு வினை' என்று படித்ததும் என் மனைவி, "யாருக்கு என்ன உள்நோக்கம்?" என்று கேட்டாள்.

> எதற்கு இவ்வளவு பாடு? பெர்ஃபெக்டிவ், இம்பெர்ஃபெக்டிவ் என்று தமிழ் எழுத்தில் போடுங்கள்.

போடலாம். ஆனால் குரோவேஷியத்தின் வழக்கமான இறந்தகாலத்துக்குப் பெயரே 'பெர்ஃபெக்ட்'. 'இம்பெர்ஃபெக்ட்' என்று இன்னொரு காலமும் உண்டு. மேலே காட்டிய முதல் வாக்கியம் 'இம்பெர்ஃபெக்டிவ் வினையின் பெர்ஃபெக்ட்' ஆகும். இதைக் கற்பவர் தலையில் கட்டுவது பாவம். தவிர, கலைச்சொல் ஆக்கத்தில் அவர்கள் நம் பங்காளிகள். பொகொஸ்லாவ் ஷூலெக் என்பவர், பிறப்பால் ஸ்லோவாக்கியர், 1874-75இல் அறிவியல் கலைச்சொல் அகராதியே போட்டார். இன்றும் அவர்கள் ஹைட்ரஜனை 'வோதிக்' என்கிறார்கள். 'வோதா' என்றால் நீர். நம் 'நீரகம்' மாதிரியே.

என் முன்மொழிவு: முழுவினை, போக்குவினை. போக்கு என்பதில் செயலின் ஓட்டமும் இருக்கிறது, 'அவன் போக்கே அப்படி' என்கிற வழக்கமும் இருக்கிறது. நமக்கு இரண்டும் வேண்டும். காலப்பெயர் எதுவும் கலக்கவில்லை. இது முக்கியம், ஏனென்றால் ரஷ்யத்திலும் இதே இணைகள் உண்டு. அங்கே முழுவினையின் நிகழ்கால வடிவம் எதிர்காலத்தைக் குறிக்கும். ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் உதவட்டுமே.

*

தம்பிக்கு,

முழுவினை நன்று. ஆனால் 'போக்குவினை' என்றதும் எனக்கு 'வினை போக்கும் வேலவன்'தான் நினைவுக்கு வருகிறான். பாடம் எடுத்துப் பார், கடைசி பெஞ்சு சும்மா இருக்காது. 'நடைவினை' என்றால் என்ன? நடைபெறுவதும் நடைமுறையும் அதிலும் இருக்கிறதே.

*

ஐயா,

வேலவன் வந்தால் வரட்டும், ஒரு தடவை சிரித்த மாணவன் சொல்லை மறக்கமாட்டான். 'நடைவினை' எனக்கும் பிடித்தது. ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் போதல், வருதல், நடத்தல் ஆகிய இயக்க வினைகளுக்கு இந்த மொழிகளில் தனி அத்தியாயமே உண்டு. அந்த அத்தியாயத்தில் 'நடைவினை' என்று எழுதினால் எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால் போக்குவினையே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். 'வீத்' என்பதற்கு 'வினைநோக்கு' எனப் போட்டிருக்கிறேன். வினைக்கூறு என்று எழுதுவோரும் உண்டு என்று தெரியும். மூலத்தில் பார்வை இருப்பதால் இந்தப் பக்கம் சாய்ந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. 'ருச்சாத்தி' (மதியச் சாப்பாடு சாப்பிடு) மாதிரிச் சில வினைகளுக்கு இணை கிடையாது. இடத்துக்கேற்ப முழுவினையாகவும் போக்குவினையாகவும் அதுவே நிற்கும். தற்காலிகமாக 'இருநோக்கு வினை' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதிலும் யாருக்காவது உள்நோக்கம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், திங்களன்று அட்டவணையை அனுப்பவேண்டும்.