கொடைக்கானலில் இருந்துகொண்டு சுமையுடன் மிதிவண்டி ஓட்ட எந்தப் பாதைகள் ஏற்றவை?

கோடியக்கரைக்காரன்:

வணக்கம். வேதாரண்யத்தில் பிறந்து வளர்ந்த நான், பணி மாறுதல் பெற்றுக் கடந்த ஜூன் மாதம் கொடைக்கானலுக்குக் குடிவந்திருக்கிறேன். ஊரில் இருந்தவரை ஞாயிறுதோறும் விடியுமுன் புறப்பட்டு, அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைக் கடந்து, கோடியக்கரைக் காட்டின் பாலை மரங்களுக்கு ஊடாக மிதிவண்டியில் போய், வெளிமான் கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது 15 ஆண்டுப் பழக்கம். அங்கே மணல்திட்டுகளைத் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. கடற்காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் மட்டும்தான் கால் வலிக்கும்.

இங்கு வந்தபின் ஏரியைப் பலமுறை சுற்றிவிட்டேன். ஒரு நாள் துணிந்து பெருமாள்மலை வரை இறங்கினேன். திரும்பி வரும் 12 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். என் வண்டி முன்புறம் 3, பின்புறம் 7 கியர் கொண்ட, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் வகை. பின்புறப் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள், ரிம்மைப் பிடிக்கும் பிரேக், கேரியரின் இருபுறமும் பை. பொங்கல் விடுமுறையில் 16 வயதான என் அக்கா மகனும் தன் வண்டியுடன் வருகிறான். பூங்கா, காடு ஆகியவற்றை ஒட்டிய அரைநாள் பாதை ஒன்றும், ஓரிரவு தங்கித் திரும்பும் பாதை ஒன்றும் சொல்லுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாயுடுபுரம்:

வாருங்கள் ஐயா. பாதைக்கு முன் பல்சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் வண்டியைத் தள்ளியதற்குக் காரணம் உங்கள் கால்கள் அல்ல. பின்புறத்தில் 34 பற்கள் கொண்ட பல்சக்கரத் தொகுதி 7 கியர் வண்டிகளுக்கும் கிடைக்கிறது. முன்புறச் சிறிய சக்கரத்தில் 28 பற்கள் இருக்குமானால், பெடலை ஒரு முறை சுழற்றும்போது பின்சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவாகவே உருளும். வேகம் நடைவேகத்துக்கு இறங்கினாலும் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டே இருக்கலாம். சங்கிலியின் நீளத்தையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அரைநாளுக்கு என் பரிந்துரை, ஏரியிலிருந்து தொடங்கித் தூண் பாறை வழியாக மோயர் பாயிண்ட் வரை சென்று திரும்புவது. 1863-இல் அன்றைய மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் உருவாக்கிய இந்த ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சாலையை, வாடகை சைக்கிள்களும் குதிரைகளும் வந்து நிறையுமுன், காலை 6 மணிக்கு ஒரு முறை சுற்றினால் உடல் சூடாகிவிடும். ஏரியின் கிழக்கே 1908-இல் வன அலுவலர் பிரையண்ட் அமைத்த பூங்கா இருக்கிறது; அதைத் திரும்பி வரும்போது, வண்டியை வெளியே பூட்டிவிட்டு நடந்து பாருங்கள். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஏறி இறங்கும் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் தூண் பாறையும், அதற்கு அப்பால் பைன் காடும், 13 கிலோமீட்டர் அளவில் மோயர் பாயிண்டும் வரும். 9 மணிக்கு மேல் சுற்றுலா வாகனங்கள் வரிசை கட்டும் சாலை இது; அதற்குள் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும்.

கோடியக்கரைக் காட்டை அறிந்தவர் என்பதால் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். பைன் மரங்கள் நூறாண்டுக்குச் சற்று முன்பு நடப்பட்டவை. அவற்றின் அடியில் காய்ந்த ஊசியிலை மெத்தையைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் முளைப்பதில்லை. சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ் ஆகியவையும் வெளியிலிருந்து வந்தவையே. இம்மலைக்கே உரிய காடு, பள்ளங்களில் நீரோடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் சோலைதான். மிதிவண்டியில் போகிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கு முன்பே தோலுக்குத் தெரிந்துவிடும்: சோலையின் ஓரம் வந்ததும் காற்று ஈரமாகிக் குளிரும், மண்வாசனை மாறும். பாம்பாறு சோலைப் பக்கம் சென்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மோயர் பாயிண்டுக்கு அப்பால் மதிகெட்டான் சோலை வழியாகப் பேரிஜம் ஏரிக்குச் செல்லும் சாலை அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அது வனத்துறையின் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய பாதை. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. யானைகள் வந்து தங்கும் நாள்களில் யாரையும் விடுவதில்லை. மிதிவண்டிக்கு அன்றைக்கு அனுமதி உண்டா என்பதை வன அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்யாமல் புறப்பட வேண்டாம்.

ஓரிரவுப் பயணத்துக்குப் பூம்பாறை, மன்னவனூர் சாலையையே சொல்வேன். பூம்பாறை ஏறத்தாழ 18 கிலோமீட்டர்; படிப்படியாக அடுக்கிய பூண்டு வயல்கள் வளைவு ஒன்றில் திடீரென்று காலடியில் விரியும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. குழந்தை வேலப்பர் கோயிலுக்கு அருகே தேநீர் அருந்திவிட்டு மன்னவனூர் சென்றால், ஏரியும் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையின் புல்வெளியும் மாலை வெளிச்சத்தில் காத்திருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்ப முயல வேண்டாம். போகும்போது இறங்கியதையெல்லாம் திரும்பும்போது ஏற வேண்டும்.

பட்டிவீரன்பட்டி:

நாயுடுபுரம் அண்ணன் சொன்ன அரைநாள் பாதையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓரிரவுக்கு, அதுவும் ஜனவரிக் குளிரில், கடலோரத்தில் வளர்ந்தவரை மன்னவனூருக்கு அனுப்புவதைவிட, பழனி மலைத்தொடரின் தாழ்ந்த பகுதியான கீழ்ப்பழனி மலைக்கு அனுப்புவதே நல்லது என்பேன். மலைப்பாதையில் ஊத்து என்னும் இடம் வரை இறங்கிப் பண்ணைக்காடு சாலையில் திரும்பினால், தாண்டிக்குடி வரை நிழலிலேயே போகலாம். சில்வர் ஓக் மரங்களின் கீழே காப்பி, மரங்களில் ஏறிய மிளகு, இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும் என்று அது தோட்டமா காடா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலம். தாண்டிக்குடி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுக் குளிர் தாங்கும் அளவில் இருக்கும். ஜனவரியில் காப்பிப்பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். களங்களில் பழம் காயும் மணம் சாலை வரை வரும்.

மறுநாள் அங்கிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கி வத்தலக்குண்டு சேர்ந்துவிடலாம். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளிலும் யானை நடமாட்டம் உண்டு. ஆகவே காலை 7 மணிக்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பின்போ காட்டுப் பகுதியில் இருக்க வேண்டாம். அன்றைய நிலவரத்தைத் தாண்டிக்குடித் தேநீர்க் கடையில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்; அவர்களுக்குத் தெரியாமல் யானை வராது.

செண்பகனூர்:

தாண்டிக்குடியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ரிம் பிரேக் உள்ள வண்டியில், இரு பைகளுடன், மலை இறங்கிப் பழகாத ஒருவரும் 16 வயதுப் பையனும் வத்தலக்குண்டு வரை இறங்குவதை முதல் பயணமாக வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் 15 கிலோ சுமையுடன் மலைப்பாதையில் இறங்கியபோது, பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். ரிம் கொதித்து, பின்புற டியூப் வெடித்து, வண்டி சறுக்கியது. சறுக்கியது மலைப் பக்கம் என்பதால் முழங்கையோடு போயிற்று.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், வத்தலக்குண்டு 300 மீட்டர் அளவில். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வண்டியையும் சுமையையும் தடுத்து நிறுத்தும் ஆற்றல் முழுவதும் ரிம்மில் வெப்பமாகத்தான் சேரும். ஆகையால் நேர்ப்பாதையில் பிரேக்கை விட்டு ரிம்மைக் காற்றில் ஆறவிட்டு, வளைவு வருமுன் இரு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்புங்கள். 3 கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ஆறவிடுங்கள். ரிம்மை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலே தெரியும். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் முதலிலேயே மாற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஏறி வந்தால் அதற்கு முழுச் சாலையும் தேவைப்படும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி, வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நில்லுங்கள். ஏற்றத்தில் வியர்த்த சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப் பிரேக் பிடிக்க வராது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் கையுறையும் பையின் மேற்புறத்திலேயே இருக்கட்டும். மூடுபனி பகலிலும் இறங்கும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்.

காட்டுமாடு எங்கள் தெருவிலேயே மேயும். சாதுவாகத் தெரிகிறதே என்று மணியடித்துக்கொண்டு அருகில் போகக் கூடாது. 50 மீட்டர் முன்னதாக நின்று, அது சாலையைவிட்டு இறங்கும்வரை காத்திருங்கள். கன்று உடன் இருந்தால் திரும்பிப் போவதே சரி.

பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி இங்கே தடைசெய்யப்பட்டது. எஃகுப் புட்டி கொண்டு வரச் சொல்லுங்கள். பையனைக் காரில் அழைத்து வருவதானால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.

கோடியக்கரைக்காரன்:

மூவருக்கும் நன்றி. 34 பல் தொகுதி நேற்று மாட்டியாயிற்று. அதே பெருமாள்மலை ஏற்றத்தில் இன்று காலை இரண்டு இடங்களில் மட்டும்தான் இறங்கினேன். பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன, நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு மறுநாள் மோயர் பாயிண்ட், அதற்கடுத்த இரண்டு நாள்கள் பூம்பாறையில் மட்டும் தங்கித் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். மன்னவனூரைப் பையனின் கால்களைப் பார்த்துத் தீர்மானிப்போம். தாண்டிக்குடிக்குப் பிப்ரவரியில் வருகிறேன். பட்டிவீரன்பட்டி நண்பரே, ஊத்திலிருந்து பண்ணைக்காடு திரும்பும் இடத்தில் சுமை வண்டியுடன் பாதுகாப்பாக நிற்க இடம் உண்டா?

பட்டிவீரன்பட்டி:

உண்டு. பிரிவிலேயே கடைகள் இருக்கின்றன, அகலமான இடம். புறப்படும் நாளை முன்னதாகச் சொல்லுங்கள். தாண்டிக்குடி வரை நானும் வண்டியோடு வருகிறேன்.