பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

மாயவரத்திலிருந்து

நடிகர் டி.எஸ். பாலையாவை நான் நேரில் பார்த்ததில்லை. 1972 ஜூலையில் அவர் காலமானபோது எனக்கு நான்கு வயது. அவருக்கும் ஒன்றும் பெரிய வயதில்லை, ஐம்பத்தேழுதான். திரையில் அவரை முதன்முதலாகப் பார்த்த இரவு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டிருந்தார்கள். 1964இல் வந்த படம் எங்கள் கொட்டகைக்கு எத்தனை கை மாறி வந்து சேர்ந்ததோ, படம் முழுக்கக் கீறல் மழை கொட்டியது. தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. ஆனால் பின்னால் இருப்பவர் சும்மா விடமாட்டார். அப்படி ஒரு திட்டு வாங்கிக்கொண்டு மேட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. நாகேஷ் பேய்க் கதை சொல்கிறார், அப்பாவாக வரும் பாலையா கேட்கிறார். காட்சி அவ்வளவுதான்.

எல்லாரையும்போல நானும் நாகேஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விலாவில் இடித்தாள். “அவனை விடு, அந்தக் கிழவர் முகத்தைப் பார்” என்றாள்.

பார்த்தேன். வேலைவெட்டி இல்லாத பிள்ளை ஏதோ உளறப்போகிறான், கேட்டுத் தொலைப்போம் என்ற அலட்சியத்தோடு உட்காருகிறார் எஸ்டேட் முதலாளி. கதை நகர நகர அந்த முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறார். உடம்பு குறுகுகிறது, கண் விரிகிறது. ‘நிறுத்துடா’ என்று சொல்லவும் முடியவில்லை, மேலே என்ன என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நாகேஷ் எழுப்பும் ஒவ்வொரு சத்தமும் அவர் முகத்தில் போய் விழுகிறது. நமக்குப் பேய் தெரிவது அங்கேதான். சரியாக அந்த இடத்தில் ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள். எங்கள் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். அடுத்த ரீலை மாட்டும்வரை ஜனங்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். திரையில் ஒன்றுமில்லை, வெறும் துணி.

அதே படத்தில் அவருடைய பணப் பேராசையையும் சொல்ல வேண்டும். வந்திருப்பவர் பெரிய பணக்காரர் என்று நம்பிவிட்டால் மரியாதை பொங்கி வழிகிறது. அந்தப் பணக்காரரின் ‘மகன்’கூட அவர் வாயில் ‘மகர்’ ஆகிவிடுகிறார். இலக்கணத்தில் இல்லாத அந்த ‘ர்’ இன்றுவரை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. 1966இல் ஸ்ரீதர் இதே படத்தை இந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். ஓம் பிரகாஷ் லேசுப்பட்ட நடிகரல்லர். ஆனாலும் என் கண்ணுக்கு அவர் பயந்ததுபோல நடிக்கிறவராகத்தான் தெரிந்தார். இது ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

உங்களுக்கெல்லாம் பாலையா எங்கே, எப்படி அறிமுகமானார்? சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து

எங்கள் மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்டில் பிறந்தவர் அவர். ஆகையால் முதல் உரிமை எங்களுக்கு என்று சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். எல்லாரும் கிழவர் பாலையாவையே கொண்டாடுவதில் எனக்கு ஒரு குறை உண்டு. என் தாத்தாவைப் பொறுத்தவரை பாலையா என்றால் அயோக்கியன். அந்தச் சொல்லை அவர் மிகுந்த மரியாதையோடுதான் சொல்வார்.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’தான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும்கூட அதுவே முதல் படம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு சின்ன வேடம். பாலையாவுக்கோ கதாநாயகன் எம்.கே. ராதாவைக் குடிக்கு இழுத்துக் குடும்பத்தையே சீரழிக்கிற நண்பன் வேடம். இருபத்தொரு வயதில் இதைவிட நல்ல தொடக்கம் ஒரு கெட்டவனுக்கு அமையுமா? மறு ஆண்டே ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு கத்திச் சண்டை. தாத்தா அந்தச் சண்டையை எங்களுக்கு விசிறிக்காம்பை வைத்து நடித்துக் காட்டுவார். பாகவதர் வேடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பாலையா வேடத்தைத் தானே வைத்துக்கொள்வார்.

தாத்தா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது 1949 கதை. அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்திருக்கிறது. அதில் கே.ஆர். ராமசாமிக்கு யோசனை சொல்லி, ஆள்மாறாட்டத்துக்கு வழி காட்டி, பழிவாங்க உடன் நிற்கிற நண்பன் மணியாகப் பாலையா வருகிறார். தாத்தா உஷாராக உட்கார்ந்திருந்தாராம். ‘இவன் எப்போது காலை வாருவான், எப்போது காலை வாருவான் என்று கடைசிவரை காத்திருந்தேன். படம் முடிந்து விளக்கும் போட்டுவிட்டார்கள். அவன் துரோகம் செய்யவே இல்லை’ என்று ஏமாந்தவர்போலச் சொல்வார். ஐந்து ஆண்டு கழித்து ‘தூக்குத் தூக்கி’யில் அடுத்தவன் மனைவியை மயக்குகிற சேட்டாக அவர் வந்த பிறகுதான் தாத்தாவுக்கு நிம்மதி. ‘பழையபடி ஆகிவிட்டான்’ என்றாராம்.

மாயவரத்து நண்பர் சொல்கிற அந்த ‘கேட்கிற முகம்’ வில்லன் காலத்திலேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்தவன் பேசும்போது, இவனை எந்த இடத்தில் கவிழ்க்கலாம் என்று எடை போடுகிற கண் அது. பிற்காலத்தில் அதே கண்ணைத்தான் சிரிப்புக்குத் திருப்பிக்கொண்டார்.

மதுரையிலிருந்து

நான் ஹேமநாத பாகவதராகவே வாழ்ந்தவன். ஆறு நிமிடத்துக்கு மட்டும்.

ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழா. ‘திருவிளையாடல்’ படத்தின் பாட்டுக் கட்டத்தை மேடையேற்றினோம். எனக்குத் தொப்பை இருந்ததால், படத்தில் பாலையா செய்த பாகவதர் வேடம் ஒரே மனதாக எனக்கே வந்தது. பாண்டியன் சபையில் உட்கார்ந்து, என்னை வெல்ல இங்கே ஆள் உண்டா, இல்லையென்றால் நாடே எனக்கு அடிமை என்று சவால் விட்டுப் பாடுகிற கட்டம். ‘ஒரு நாள் போதுமா’வைக் கேசட்டில் ஓடவிட்டு நான் வாயசைக்க வேண்டும்.

கேசட்டுக்கு வாயசைப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒத்திகை தொடங்கியதும் விழி பிதுங்கியது. பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயர்களையே வரிக்குள் ஒளித்து, அந்தந்த ராகத்தில் வரும்படி அமைத்த பாட்டு. எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பிடிபடுவதற்குள் அடுத்த சங்கதி போய்விடும். அதன் பிறகு தியேட்டரில் மறுபடி ஓடியபோது அந்தக் காட்சிக்காகவே போய் உட்கார்ந்து பாலையாவைக் கவனித்தேன். அவருக்கு உதட்டைப் பற்றிக் கவலையே இருப்பதாகத் தெரியவில்லை. பாட்டு எங்கோ ஆழத்திலிருந்து புறப்பட்டு வருவதுபோலத் தோளும் கையும் புருவமும் முதலில் கிளம்புகின்றன, வாய் அதன் பின்னால் சாவகாசமாக வருகிறது. பாடி முடித்த இடத்தில், இது புரிகிற மூளை இந்தச் சபையில் யாருக்காவது இருக்கிறதா என்று ஒரு பார்வை. உதட்டைப் பார்க்க நமக்கு நேரமே கொடுப்பதில்லை.

விழாவன்று கானடாவுக்கு முன்னால் டேப் சிக்கிக்கொண்டது. நான் வாயைத் திறந்தபடி, வலக்கை ஆகாயத்தில் நிற்க, சிலையாகிவிட்டேன். திரைக்குப் பின்னால் ஒருவன் பென்சிலைச் செருகிக் கேசட்டைச் சுற்றுவது எனக்கு மட்டும் தெரிந்தது. அங்கவஸ்திரம் மெல்ல நழுவிக் கீழே விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், “பாகவதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது” என்றார். அவ்வளவுதான், பந்தல் அதிர்ந்தது. என்னை எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரராக இருந்தவன் போட்டியில்லாமலே ஜெயித்தான்.

பின்னாளில் யோசிக்கும்போது, பாலையா அந்தப் படத்தில் சிகரம் தொடுவது அந்தச் சபைக் காட்சியில் இல்லை என்று தோன்றியது. இரவில் விறகுவெட்டியாக வந்த சிவாஜி பாட, இவர் கேட்கிறாரே, அங்கேதான். பாணபத்திரர் ‘உனக்குத் தகுதியில்லை’ என்று ஒதுக்கிவிட்ட ஆள் இப்படிப் பாடுகிறான் என்றால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? கர்வம் ஒவ்வொரு படியாக இறங்கி வருவது முகத்தில் தெரியும். ஊரைவிட்டே ஓடிப்போகிற அளவுக்குத் தோற்ற மனிதர்மேல் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. திருவிளையாடற் புராணத்தில் இதே கதை வரும் விறகு விற்ற படலத்தை வாத்தியார் வகுப்பில் நடத்தியபோது அந்தப் பாவம் தோன்றியதேயில்லை.

கும்பகோணத்திலிருந்து

நீங்கள் இந்தப் பேச்சை எடுத்தால் ‘தில்லானா மோகனாம்பாள்’ தவிலுக்கு வராமல் இருக்க முடியாது. என் பெரியப்பா தவில் வித்வான். 1968இல் படம் வந்ததும் அவருடைய மேள செட் மொத்தமும் சேர்ந்து போனார்கள். ரசிக்கப் போகவில்லை, குற்றம் கண்டுபிடிக்கப் போனார்கள். நாயன ஒலிக்கு, அதாவது நாதஸ்வரத்துக்கு, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இருந்ததால் அந்தப் பக்கம் வாய் திறக்க வழியில்லை. அதனால் எல்லாக் கண்ணும் தவில்காரர் முத்துராக்கு மேல், அதாவது பாலையா மேல்.

தவிலில் ஏமாற்றுவது கடினம். வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி வாசிக்க வேண்டும், தொப்பியில் கழி. இரண்டு கையும் இரண்டு வேலை. சில இடங்களில் சொல் ஒன்று விழ, கை வேறொன்று செய்ததைப் பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். இடைவேளையில் அதைப் பெருமையாகச் சொன்னாராம். படம் முடிந்து வெளியே வந்ததும் சுருதி மாறிவிட்டது. “கை அங்கங்கே பொய் சொல்கிறது. கழுத்து ஓரிடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை” என்றார்.

அதை எங்களுக்கு விளக்கவும் செய்தார். நாயனக்காரர் ராகம் வாசிக்கும்போது தவில்காரருக்கு அதிக வேலை இருக்காது. அவ்வப்போது இரண்டு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்ந்த தவில்காரர் அந்த நேரத்தில் சபையைப் பார்க்க மாட்டார், நாயனக்காரரின் மூச்சைப் பார்ப்பார். இவர் அப்படித்தான் பார்த்தார் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. பெரியப்பா யாரையும் எளிதில் பாராட்டுகிற ஆளில்லை. தன் சொந்த மாப்பிள்ளை வாசித்த கச்சேரியில் நடுவில் எழுந்து காப்பி குடிக்கப் போனவர்.

சென்னையிலிருந்து

என் பங்கு சின்னது. அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துப் பிரிந்த வீடு எங்களுடையது. ‘பாகப்பிரிவினை’ (1959) தொலைக்காட்சியில் வந்தால் எங்கள் அப்பா எழுந்து போய்விடுவார். தம்பியாக வரும் எஸ்.வி. சுப்பையா கண்ணீர் விடும் காட்சிகளைப் பார்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். “சுப்பையா அழுதுவிடுகிறார், பாரம் இறங்கிவிடுகிறது. அண்ணன் பாலையாவால் அழவும் முடியவில்லை, மனைவியை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை” என்றார். பிரிவினையில் எங்கள் அப்பா அண்ணன்.

‘பாமா விஜயம்’ மட்டும் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பார். வரவு எட்டணா பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுவார். மகன் ஜூனியர் பாலையா 2023 நவம்பரில் மறைந்த செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது, “அப்பா ஜாடை கொஞ்சம் இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் மாயவரத்திலிருந்து

தவில்காரரின் கழுத்தைப் பற்றிப் படித்ததும் இதை எழுதிவிடத் தோன்றியது. அம்மாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. காது மந்தம். காதில் வைக்கும் கருவி குருவி கத்துவதுபோலக் கத்துகிறது என்று கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் தொலைக்காட்சியில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடியது. நான் சமையலறையில் இருந்தேன். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் தொலைக்காட்சியில் ஒலியே இல்லை, யாரோ சுத்தமாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நாகேஷ் வாயை வாயை அசைக்கிறார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தத்தைக் கூட்டட்டுமா என்று சைகையில் கேட்டேன். நகர்ந்து நில், மறைக்கிறது என்று கையை ஆட்டினாள்.